இலை போட்ட பிறகு கேட்கும் கேள்வி

அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று கிரெடிட் கார்டுக்கு மனுப் போடுவது. பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், ஆண்டு வருமானம் என்று சில கட்டங்களை நிரப்பினால் போதும். பல சமயங்களில் ஒரு நிமிடத்திற்குள் சம்மதம் என்று பதில் வந்துவிடுகிறது. சம்பளச் சீட்டைக் காட்டுங்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. சில மாதங்கள் கழிந்து, ஊருக்குப் போக நான்கு டிக்கெட்டும் கல்யாணத்துக்கு நகையும் அதே கார்டில் வாங்கிய பிறகு, சிலருக்கு ஒரு கடிதம் வருகிறது. "உங்கள் கணக்கைப் பரிசீலித்து வருகிறோம். அது முடியும் வரை கார்டு செல்லாது. உங்கள் வருமான வரி விவரங்களை நாங்கள் பெறுவதற்கு இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்."

பந்தியில் உட்காரவைத்து இலையைப் பிடுங்கினாற்போல இருக்கிறது என்று இப்படிக் கடிதம் பெற்றவர்கள் மனம் நொந்து சொல்கிறார்கள். கொடுக்குமுன் கேட்டிருக்கலாமே, நம்பிக் கொடுத்தபின் சந்தேகப்படுவது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் பேசிக் கலைந்துவிடும் விஷயமாக இதை விட்டுவிட நமக்கு மனமில்லை.

கேட்காமலே கொடுத்த காலமும் இந்நாட்டில் உண்டு. 1958ஆம் ஆண்டு செப்டம்பரில் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவில் பிரெஸ்னோ நகரத்து மக்களுக்கு ஏறக்குறைய 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் மனுப் போட்டிருக்கவில்லை. பின்னர் மாநிலமெங்கும் கார்டு பரவியபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கணக்குகளில் பணம் நிலுவையில் நின்றது. கேளாதவருக்குக் கார்டு அனுப்புவதை 1970இல் சட்டம் தடுத்தது. இப்போது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருப்பிக் கட்டும் சக்தி மனுதாரருக்கு உண்டா என்று பார்த்த பிறகே கார்டு கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு அவர் எழுதித் தரும் வருமானத்தையே ஆதாரமாகக் கொள்ளலாம். நமது கடன் மதிப்பெண் பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதைத்தான் காட்டும். நாம் எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பது அதில் கிடையாது. ஆகவே அந்த ஒரு கட்டத்தில் நாம் எழுதும் எண்ணுக்கு நம் வாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிறகு சரிபார்ப்பது நமக்குப் புதிய வழக்கமா? ஊரில் ஏலச்சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு ஜாமீன் கொடுத்த பிறகே பணம் கைக்கு வரும். இந்தியாவின் 1982ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதை அவமானமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சீட்டு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த விதி பொது என்பதும், சேரும்போதே அது தெரிந்ததுதான் என்பதும் காரணம்.

கார்டு நிறுவனங்களிடம் நாம் குறை காண்பதும் அங்கேதான். பரிசீலிக்கும் உரிமை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்களில் எங்கோ இருக்கிறது. யாரை, எதனால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. குற்றமற்றவரும் இதில் மாட்டிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு படித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த ஆண்டு வேலையில் சேர்ந்தவருக்கு வரிக் கணக்கில் பழைய சொற்ப வருமானந்தான் இருக்கும். புதிதாக வந்தவருக்கோ இந்நாட்டில் வரிக் கணக்கே இராது. அத்தகையவரின் கார்டை முதலில் முடக்கிவிட்டுப் பிறகு விளக்கம் கேட்பது, தண்டித்துவிட்டு விசாரிப்பதாகும். 'சம்மதம்' என்று அவர்கள் எழுதியதும் ஒரு வாக்குத்தானே! சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம் ஆகியவற்றை அனுப்பி, கேட்க வேண்டியதை மரியாதையாகக் கேட்க நாம் தயங்க வேண்டாம். கணக்கை மூடினால், 1974ஆம் ஆண்டுச் சம வாய்ப்புக் கடன் சட்டத்தின் கீழ் பொதுவாக 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. வரி விவரத்துக்கான 4506-சி படிவத்தில், எந்தெந்த ஆண்டு என்பது உட்பட எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்காமல் கையெழுத்திடலாகாது. படிவத்திலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது.

இவ்வளவும் அவர்கள் பக்கம். நம் பக்கத்தைப் பேசுவதுதான் கஷ்டம்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீட்டிலிருந்து வாடகை வருகிறது. வார இறுதியில் பாட்டு, பரதம் சொல்லிக் கொடுப்பதில் கொஞ்சம் ரொக்கம். விசேஷங்களுக்குச் சமைத்துத் தருவதில் கொஞ்சம். கார்டு மனுவில் வருமானம் என்ற கட்டத்தைக் கண்டதும் இவையெல்லாம் ஞாபகத்துக்கு வந்து கூட்டலில் சேர்ந்துவிடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் வரிப் படிவத்தைக் கண்டதும் அதே வருமானங்கள் மறந்துபோகின்றன. வரிச் சட்டப்படி இந்நாட்டு வாசியாகக் கருதப்படுபவர் உலகில் எங்கு சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. ஆனாலும் பாங்கின் காதுக்கு ஒரு எண், வரி அலுவலகத்தின் காதுக்கு ஒரு எண். இரண்டு காதுகளும் வெகு தூரத்தில் இருப்பதாக ஒரு தைரியம்!

பரிசீலனை என்பது அந்த இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைப்பது. சிலருக்கு அதனால் வரும் கோபத்தில் பாதி, நிறுவனத்தின் மீதான கோபம் அல்ல என்றே நினைக்கிறோம். பாங்குக்குத் தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுப்பது மத்திய சட்டப்படி குற்றம். 30 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. சட்டத்தின் பயம் ஒரு புறம் இருக்கட்டும். பல ஆயிரம் டாலர் சம்பாதிக்கும் ஒருவர், இன்னும் சில ஆயிரம் கூட்டி எழுதினால்தான் தம்மை மதிப்பார்கள் என்று எண்ணுவானேன்? காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாம்.

உள்ளதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை செய்ய விசா அனுமதியில்லாமல் வீட்டில் இருக்கும் மனைவி, தம் கைக்கு எட்டும் கணவர் வருமானத்தைத் தாராளமாக எழுதலாம். 21 வயது நிறைந்தவர்களுக்கு அது உண்மை வருமானமே என்று 2013இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அதை அறியாமல் கட்டத்தில் பூஜ்யம் எழுதிய சகோதரிகள் எத்தனை பேரோ!

பிள்ளைகள் விஷயம் வேறு. 21 வயதுக்குட்பட்டவர் தமக்கென வருமானம் காட்ட வேண்டும். இல்லையேல் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பா, வருமானம் என்று கேட்கிறதே, என்ன எழுதட்டும்?" என்று கேட்கக்கூடும். நூலகத்தில் வாரம் பத்து மணி நேரம் வேலை செய்து கிடைக்கும் சிறு தொகையைச் சொல்லக் கூச்சப்படலாம். அந்தத் தொகையையே எழுதச் சொல்வோம். கார்டு கிடைக்காவிட்டால் நம் கார்டிலேயே பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.