உடம்பு எப்போது குடியேறும்?

வெள்ளவத்தையில் புதிதாக அறிமுகமாகிற இருவர் முதலில் கேட்டுக்கொள்வது "ஊரிலை எவடம்?" என்பதைத்தான். முப்பது வருடமாகக் காலி வீதியோரம் குடியிருப்பவரும் அதற்குக் கரவெட்டி என்றோ சுன்னாகம் என்றோதான் பதில் சொல்வார். அடுத்தது, "பிள்ளைகள் எங்கை?" லண்டன், ரொறன்ரோ, சிட்னி. இரண்டு பதில்களிலும் கொழும்பு வராது.

வந்த ஊரும் போகிற ஊரும் பேச்சில் இருக்க, இருக்கிற ஊர் விடுபட்டுப் போகிற இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியவர்களில் பலர் கடவுச்சீட்டுக்காகவோ விசாவுக்காகவோ வைத்தியத்துக்காகவோ வந்தவர்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, வந்த காரணம் என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கவேண்டும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்குமாக அனுப்பினார்கள். தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பலர் திரும்பி வந்தார்கள்.

காரணம் காட்டினால்தான் இருக்கலாம் என்ற இடத்தில் யாரும் பெட்டியை முழுதாகப் பிரித்து அடுக்குவதில்லை. அந்தப் பழக்கம் விமானத்திலும் கூடவே ஏறிவிடுகிறது. ஸ்காபரோவில் வீடு வாங்கி, குடியுரிமை எடுத்து, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகும் சிலருடைய உடம்பு மட்டும் லொட்ஜில்தான் இருக்கிறது. வீடு, கார், வேலை, வேலை முடிந்தால் வீடு. வெளியே இருக்கும் காற்றும் மண்ணும் யாரோ பிறத்தியாருடையவை.

இப்படிப்பட்டவர்கள் ஒரு நெடுந்தூரப் போட்டிக்குத் தங்களைத் தயார்படுத்தலாமே என்று சொன்னால் சிரிப்பு வரும். "நாரிப்பிடிப்போடை மரதனோ?" என்பார்கள். ஆனால் அப்படித் தயாரானவர்களின் கதைகள் சிரிக்கிற மாதிரி இல்லை.

மிஹிர் சென் 1950இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது நீச்சல்காரர் என்று சொல்லத்தக்க எதுவும் அவரிடம் இல்லை. புருலியாவில் பிறந்த வைத்தியர் மகன், கட்டாக்கில் சட்டம் படித்தவர், பாரிஸ்டராக ஆசை. கையில் காசில்லை. லண்டனில் புகையிரத நிலையமொன்றில் இரவு நேரச் சுமைதூக்கியாக இருந்தார். பிறகு இந்தியா ஹவுஸில் வேலை கிடைத்தது. பகலில் வேலை, இரவில் சட்டப் புத்தகம். அமெரிக்கப் பெண் ஃபுளோரன்ஸ் சாட்விக் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி அந்த நாட்களில்தான் அவர் கண்ணில் பட்டது. வை.எம்.சி.ஏ. குளத்துக்குப் போய் நீச்சலை அடியிலிருந்து பழகினார். 1955இல் செய்த முதல் முயற்சி தோற்றது. 1958 செப்டெம்பர் 27இல் 14 மணித்தியாலம் 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்து, அதைச் செய்த முதல் இந்தியரானார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே கால்வாயில் நடந்த போட்டியொன்றில் டாக்காக்காரர் ப்ரோஜன் தாஸ் ஆசியாவின் முதல் ஆளாகக் கடந்திருந்தார்.

கவனிக்கவேண்டியது அந்த எட்டு வருடங்களை. அக்காலத்து லண்டனில் ஒரு கறுப்புத் தோல் மாணவனின் உலகம் விடுதி அறை, வேலை, நூலகம் என்ற மூன்றுக்குள் முடிந்துபோகும். கால்வாய்க்குத் தயாராகிறவனால் அப்படி இருக்க முடியாது. வற்றும் பெருக்கும் எந்த நேரம், காற்று எந்தப் பக்கம் என்று அவன் படிக்கவேண்டும். கூடவரும் படகோட்டி சொல்கிற நாளில்தான் தண்ணீரில் இறங்கலாம். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களின் வாயைப் பார்த்துத்தான் எதையும் செய்யவேண்டும். சட்டப் படிப்பு அவரை இங்கிலாந்தின் புத்தகங்களோடு பழக்கியது. இங்கிலாந்தோடு பழக்கியது அந்தக் குளிர் தண்ணீர்தான் என்று துணிந்து சொல்லலாம்.

இதே மனிதர் 1966 ஏப்ரலில் நம் பக்கம் வந்து, பாக்கு நீரிணையை 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். வடமராட்சிக்காரருக்கு அது பெரிய புதினமாக இருந்திருக்காது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இலேயே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திவிட்டார். அவர் வழியில் வந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்கு நீரிணையை 51 மணித்தியாலத்தில் போகவும் வரவும் நீந்தினார். கொழும்புக்காரருக்கு அவர் இன்னொரு விதத்தில் நினைவிருப்பார்: 1979 மே மாதம் விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓடினார். அடுத்த ஆண்டு ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பலமுறை இடம்பிடித்தார்.

அவர் 1984 ஓகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

இதை வைத்து அவரை எடைபோட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இரண்டு கடல்களும் ஒன்றல்ல என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். தூரத்தைப் பார்த்தால் கால்வாய்தான் குறைவு. மிக ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீற்றர். பெரிய வித்தியாசம் தண்ணீரில். பாக்கு நீரிணை வெயில் காலத்தில் 30 பாகையை ஒட்டி இருக்கும். டோவர் பக்கம் ஓகஸ்டில்கூட 17, 18 பாகைதான். குளிரைத் தாங்கும் ரப்பர் உடுப்பு அணிந்தால் அது கணக்கில் சேராது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடம்பில் கொழுப்புப் பூச்சு, அவ்வளவுதான். இப்போதெல்லாம் கால்வாய்க்குப் பெயர் கொடுப்பவர் 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் ஆறு மணித்தியாலம் நீந்திக் காட்டவேண்டும். முன்னைய ஊரில் எத்தனை சாதனை வைத்திருந்தாலும் இதிலிருந்து விலக்குக் கிடையாது.

வெளிநாடு போகிற நம்மவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இங்கே வங்கி முகாமையாளராகவோ அதிபராகவோ இருந்தவர் அந்தத் தகுதியே அங்கேயும் தன்னைத் தாங்கும் என்று நம்பிப் போகிறார். உடம்பு அந்தப் பத்திரங்களை வாசிப்பதில்லை. வெப்பத்துக்குப் பழக உடம்புக்குப் பத்து, பதினான்கு நாள் போதும். வியர்வை முன்கூட்டியே வரத் தொடங்கும், அதில் போகிற உப்புக் குறையும், இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும். குளிர் அப்படியல்ல. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழும்போது மூச்சு இழுபடுகிறதே, அந்த அதிர்ச்சி மட்டும் ஐந்தாறு தடவை சில நிமிடங்கள் முழுகினாலே பாதியாகக் குறைந்துவிடும். மற்றப்படி மனித உடம்பு குளிரைப் பெரிதாகக் கற்றுக்கொள்வதில்லை. பத்து வருடமாகக் கனடாவில் இருந்தும் குளிர்கிறது என்று ஒரு வன்னிக்காரர் சொன்னால் அது அவர் குற்றமல்ல. செய்யக்கூடியது பழக்கம் ஒன்றுதான்: உடுப்பு, நேரம், கூட வர ஒரு ஆள், நாள் தவறாமல் வெளியே இறங்குவது.

வயதானவர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்பவர்கள் ஃபௌஜா சிங்கைப் பார்க்கவேண்டும். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. மனைவி இறந்து, பின்னர் கண்ணெதிரே ஒரு மகனும் விபத்தில் போக, 1990களில் லண்டன் இல்ஃபோர்டில் இருந்த இன்னொரு மகனிடம் வந்து சேர்ந்தார். இங்கிலீஷ் தெரியாது, எழுத வாசிக்கத் தெரியாது, செய்வதற்கு ஒன்றுமில்லை. வெள்ளவத்தை வீட்டைப் பூட்டிவிட்டுப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிற நம்முடைய அம்மா அப்பாக்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர் ஓடத் தொடங்கினார். பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதல் நாள் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார் என்று சொல்வார்கள். 2000இல், 89 வயதில் லண்டன் மரதன் ஓடி முடித்தார். 2011 ஒக்டோபரில், 100 வயதில் ரொறன்ரோ மரதனை எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. கின்னஸ் ஏற்றதா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமல்ல. இல்ஃபோர்ட் தெருக்களில் அவரைத் தெரியாதவர் இல்லை என்றானது, அதுதான் பெரிது.

ஓடினால் கவலை போய்விடும், நீந்தினால் இனவாதம் கரைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கால்வாயை வென்ற சென்கூட இங்கிலாந்தில் தங்கிவிடவில்லை. நாடு திரும்பித்தான் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். ஒரு திகதியை முன்னால் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்கிறவருக்கு, போன ஊரின் வீதி, மேடு, காற்று, அதிகாலையில் எதிர்ப்படும் நாலு முகங்கள் எல்லாம் தெரிந்தவையாகிவிடுகின்றன. வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக அது கிடைப்பதாகத் தெரியவில்லை.

பயிற்சியைக் கொழும்பிலேயே தொடங்கலாம். வெயில் ஏறுமுன் மரைன் டிரைவ் நடக்கிறவர்களால் நிறைந்திருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சுகததாச விளையாட்டரங்கு பக்கத்திலேயே இருக்கிறது. விசா வந்தவர்கள் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டுகிற பெட்டியில் ஒரு சோடி ஓடும் சப்பாத்துக்கும் இடம் விடுங்கள். பெற்றோரைக் கூப்பிடுகிற பிள்ளைகள் ரிக்கற்றை மார்கழிக்குப் போடாமல் சித்திரைக்குப் போடுங்கள். வந்த முதல் கிழமையே வெளியே கூட்டிப்போய் நடக்கப் பழக்குங்கள். ரொறன்ரோ வாட்டர்ஃபிரண்ட் மரதன் ஒக்டோபரில் நடக்கிறது. ஏப்ரலில் இறங்குகிறவருக்கு ஆறு மாதம் இருக்கிறது.