எது அந்தக் கார்?

1990-ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் ஒரு காரைப் பற்றிய வழக்கை விசாரித்தார். ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி பந்தயக் காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் பின்வாங்கிவிட்டது. தங்களுக்குச் சொல்லப்பட்ட கார் இது அல்ல என்பது அதன் வாதம். பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் வென்ற கார் என்ற புகழுக்காகத்தான் அந்த விலை. விற்றவர் காட்டிய காரில் அந்தப் புகழுக்கு உரிய இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நிபுணர் ஆராய்ந்தார். 1929-இல் ஓடிய காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர எதுவுமில்லை. 1930-இன் காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டும் இருந்தன. 1932-இல் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பொருத்தினார்கள். அதே ஆண்டு புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தின் சாய்ந்த விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்ததில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். நொறுங்கிய கார் மறுபடி கட்டப்பட்டது, வேறு பாடி ஏறியது. வழக்குக்கு வந்தபோது இருந்த கார் பெரும்பாலும் 1932-இலும் அதற்குப் பின்னும் சேர்ந்த பாகங்களால் ஆனது.

நீதிபதி விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ‘அசல்’ என்ற சொல்லை அதன் கறாரான பொருளில் இந்தக் காருக்குத் தர அவர் இசையவில்லை. ஆனால் இதுதான் மெய்யான ஓல்ட் நம்பர் ஒன் என்று ஏற்றார். பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறிக்கொண்டே வந்தாலும் அந்தக் காரின் வரலாறு எந்த இடத்திலும் அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு நியாயமாக உரிமை கோரக்கூடிய வேறொரு பென்ட்லி எங்கும் இல்லை. இதுவே தீர்ப்பின் அடிப்படை. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் நியாயம் ஒப்பந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடவில்லை. எல்லாம் மாறிய பிறகும் தொடர்வது எது என்ற கேள்வி சமயங்களின் கேள்வி. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் தங்கள் பட்டறையில் ஒவ்வொரு நாளும், தெரிந்தோ தெரியாமலோ, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி பழங்காலத்திலேயே ஒரு வண்டியை வைத்துக் கேட்கப்பட்டது என்பது பொருத்தமானது. பாலி மொழியின் ‘மிலிந்த பஞ்ஹ’ நூலில் கிரேக்க வழிவந்த அரசன் மிலிந்தனிடம், நீர் வந்த தேர் எது என்று பிக்கு நாகசேனர் கேட்கிறார். அச்சா தேர்? இல்லை. சக்கரமா, நுகத்தடியா, கொடிக்கம்பா? அவையும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்த குவியலா? அதுவும் இல்லை. அவற்றுக்கு வெளியே தனியாக ஒரு தேர் இருக்கிறதா? அரசனால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பாகங்களைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் தேர், மனிதனும் அப்படியே என்பது நாகசேனர் காட்டும் முடிவு. இதை மட்டும் படிப்பவர் பென்ட்லி வழக்கையே வீண் என்பார்: கார் என்று ஒன்றே இல்லாதபோது எது அந்தக் கார் என்று கேட்பானேன்? நியாய-வைசேஷிக மரபினர் வேறு வழியில் இன்னும் கடுமையான இடத்துக்கு வருகிறார்கள். முழுமை என்பது பாகங்களிலிருந்து வேறான, மெய்யாகவே இருக்கும் ஒரு பொருள் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஒரு பாகம் போனாலும் பழைய முழுமை அழிந்து புதியதொன்று பிறக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மட்கார்டை மாற்றினாலே கார் வேறு.

ஆனால் நாகசேனர் தேரோடு நின்றுவிடவில்லை. அதே நூலில் விளக்கு ஒன்று இரவெல்லாம் எரிகிறது. முதல் சாமத்துச் சுடரும் நடுச் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆனாலும் இரவு முழுவதும் எரிந்தது அந்த ஒரே விளக்கைச் சார்ந்த ஒளிதான். அதோடு, மாங்காய் திருடியவன் கதையும் வருகிறது. தோட்டக்காரன் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, எனவே நான் குற்றவாளி அல்ல என்று திருடன் வாதிட்டால் அரசன் ஏற்பானா? ஏற்க மாட்டான், இந்த மாங்காய் அந்த மாங்காயிலிருந்து வந்தது. இங்கேதான் நூலின் முழு வலிமையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மாறாத உட்பொருள் இல்லை என்று சொன்ன பிறகும் பொறுப்பு என்பது அறுபடாமல் வழிவழியாக வந்து சேர்கிறது. ஓல்ட் நம்பர் ஒன் விஷயத்தில் நீதிமன்றம் தேடிக் கண்டதும் இப்படிப்பட்ட ஒரு தொடர்ச்சிதான். ஒரு சுடர் அடுத்த சுடரை ஏற்றியது; நடுவில் யாரும் விளக்கை அணைத்துவிட்டு வேறு விளக்கைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸிடமிருந்து வருகிறது. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன என்பது புளூட்டார்க் சொல்லும் பழைய புதிர். ஹாப்ஸ் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார்: கழற்றி எறிந்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் அடித்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? கார் உலகில் இது வெறும் கற்பனை அல்ல. விபத்தில் சிக்கிய காரின் சேசிஸ் ஒருவரிடம் போகும், எஞ்சின் இன்னொருவரிடம் போகும். இருவரும் மீதியைப் புதிதாகச் செய்து, ஒரே சேசிஸ் எண்ணுக்கு உரிமை கோருவார்கள். வரலாறுதான் அடையாளம் என்றால் இங்கே வரலாறு இரண்டாகக் கிளைத்துவிட்டதே, என்ன செய்வது? கிளைத்தது கிளைத்ததுதான் என்று ஒப்புக்கொள்வதே நேர்மையான பதில். இரண்டு கார்களும் பழைய காரிலிருந்து வந்தவை. எதுவும் முழுதாக அதுவல்ல. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு உரிமையாளர்களும் எழுதிவைத்திருந்தால் அங்கே பொய் எதுவும் இல்லை. ஒருவர் மற்றதை மறைத்துத் தன்னுடையது மட்டுமே அந்தக் கார் என்று சொல்லும்போதுதான் பொய் நுழைகிறது. ஆகவே ஹாப்ஸின் புதிர் என் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது: பழைய காரின் அடையாளம் அதன் இரும்பைவிட அதைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கின் உண்மையில் தங்கியிருக்கிறது. அதனால் புதுப்பிப்பவரின் முதல் கடமை உண்மை. அழகு அதற்கு அடுத்ததுதான்.

தமிழ்க் கோயில் மரபு இதே சிக்கலை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். மூர்த்தியின் சக்தி கும்பத்திலோ, தற்காலிகமாக அமைத்த உருவத்திலோ எழுந்தருளச் செய்யப்படுகிறது. வேலை முடிந்து குடமுழுக்கின்போது மீண்டும் கருவறைக்கு வருகிறது. இடையில் கல்லைப் பிரிக்கலாம், மாற்றலாம். கோயில் கோயிலாகவே தொடர்கிறது. பொருள் மாறினாலும் சன்னிதானம் தொடரும் என்பது இதன் உட்கருத்து. அப்படியானால் பழைய கல்லைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். திருமழபாடி அதற்குப் பதில் சொல்கிறது. அங்கே வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் படியெடுத்துப் புத்தகத்தில் எழுதச் செய்தான். கட்டுமானம் முடிந்தபின் ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. தெய்வம் கல்லில் அடங்கியதல்ல என்று நம்பியவர்கள்தான் கல் சொன்னதை ஒரு சொல் விடாமல் காப்பாற்றவும் முனைந்தார்கள். முந்தைய மன்னர் கொடுத்த நிலம், ஏற்றிய விளக்கு, ஊரார் செய்த ஏற்பாடு என்று எதையும் தம் காலத்துப் பளபளப்புக்காக அழிக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதை உணர்ந்திருந்தார்கள். பழையதைப் புதுப்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன்.

காரும் கோயிலும் ஒன்றா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒன்றல்ல. ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் வைப்பதால் அது தெய்வமாகிவிடாது. நான் ஒப்பிடுவது முன்னோரிடமிருந்து ஒன்றைப் பெற்றவர் பின்னோருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற அறத்தை. அந்த அறம் தவறும்போது இரண்டு இடத்திலும் ஒரே கருவி கையில் இருப்பதைக் கவனியுங்கள். அதிவேகக் காற்றில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையால் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. சிற்பங்களின் கண்ணும் விரலும் தேய்ந்தன. கார்ப் பட்டறையிலும் துருவையும் பழைய பெயின்டையும் போக்க அதே மணல்தான் பீய்ச்சப்படுகிறது. ஓட்டையான தகட்டுக்கு அது தேவைப்படலாம். நன்றாக இருக்கும் பாடியிலிருந்தும் தொழிற்சாலையில் ஏறிய முதல் பெயின்ட், அதன்மேல் இரண்டாம் உரிமையாளர் அடித்த நிறம், ஒரு விபத்துக்குப் பிறகு டிங்கரிங் செய்த சுத்தியல் தடம் ஆகிய எல்லாவற்றையும் உரித்துவிட்டு, தொழிற்சாலையில் ஒருநாளும் இருந்திராத கண்ணாடிப் பளபளப்பை ஏற்றுவது கல்வெட்டைத் தேய்ப்பதற்குச் சமம். போட்டிகள் இந்தப் பழக்கத்தை நெடுநாள் ஊக்குவித்தன. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் கார் போட்டி 1950-இல் தொடங்கியது. புதுப்பிக்காமல் காலத்தின் தடங்களோடு காத்துவைக்கப்பட்ட ஒரு கார் அதன் உச்சப் பரிசைப் பெற 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1934-ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 அந்தக் கார். அந்த முடிவு வரவேற்கத்தக்கது.

இதிலிருந்து எதையும் தொடவே கூடாது என்ற மறு எல்லைக்குப் போவதும் எனக்கு உடன்பாடில்லை. 1925-இல் செய்யப்பட்ட ஒரு புகாட்டி, மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்து 2009-இல் மேலே எடுக்கப்பட்டது. 2010 ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விலைபோய், அரித்துப்போன நிலையிலேயே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அந்த ஒரு காருக்கு அது சரியான முடிவு. ஏரிதான் அதன் வரலாறு. ஆனால் ஓடக்கூடிய காரை ஓடாமல் நிறுத்தி வைப்பதும் ஒருவகை இழப்புதான். எஞ்சின் சூடேறும் மணம், கிளட்சின் கனம், பிரேக் பிடிக்க எடுக்கும் தூரம் ஆகியவையும் வரலாறுதான், அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காக்க முடியாது. கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு சர்வதேசப் பழங்கால வாகனக் கூட்டமைப்பு உருவாக்கிய டூரின் சாசனம், வாகனத்தை இயக்குவதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. இயக்கினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். பூஜை நின்றுபோன கோயிலை நாம் கோயிலின் நிறைவான நிலை என்று சொல்வதில்லை. நம் நாட்டு விதி இந்த இடத்தில் சற்று இறுக்கமாக இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தன. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோக்கம் நல்லது. ஆனால் அந்த அளவுகோலை லெ மான் வென்ற பென்ட்லிக்கு வைத்தால் அது தேறுவது கடினம். மாற்றம் இருக்கிறதா என்பதோடு, மாற்றம் எப்போது, ஏன், யாரால் நடந்தது என்ற பதிவு இருக்கிறதா என்றும் விதி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக, துறவு மனம் எழுப்பும் கேள்வி. இதெல்லாம் பணக்காரர்களின் பற்று, பற்றை அறுக்கச் சொல்லும் சமயத்தின் பெயரால் இதற்கு நியாயம் தேடலாமா? இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. 2022-இல் 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அத்தனை பணம் புழங்கும் இடத்தில் ஆசையும் அகந்தையும் பொய்ப் பத்திரமும் இருக்கத்தான் செய்யும். ஆயினும் ஒரு பொருளைக் காப்பவர் எல்லோரும் அதன்மேல் பற்றுக் கொண்டவர் என்று ஆகாது. என்னுடையது என்று பிடித்துக்கொள்வது பற்று. எனக்கு முன்னும் இது இருந்தது, எனக்குப் பின்னும் இருக்கும் என்று உணர்ந்து காப்பது அறங்காவல். கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயரே அதுதான். பரிசுக்காகக் காரின் கடந்த காலத்தை மறைப்பவர் பொருளிடம் தோற்றவர். தன் கையால் ஏற்பட்ட பிழையையும் குறித்துவைத்து அடுத்தவரிடம் ஒப்படைப்பவர், உடைமையின் நடுவிலேயே உடைமை உணர்விலிருந்து சற்று விலகி நிற்கிறார். விலை உயர்ந்த காருக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதும் இல்லை. சென்னையில் தயாரான ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்பவருக்கும் இதே வாய்ப்பு உண்டு.

அப்படி ஒரு வண்டியைக் கையில் எடுத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் போல்ட்டைக் கழற்றுமுன் படம் எடுங்கள். உரிக்கும் பெயின்டில் விரல் அளவு இடத்தையாவது அப்படியே விடுங்கள். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் ஒரு பெட்டியில் போட்டுப் பெயர் எழுதுங்கள். எதை மாற்றினீர்கள், எங்கே வாங்கினீர்கள், எந்தப் பட்டறையில் யார் செய்தார் என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவாருங்கள். வண்டி கைமாறும் நாளில் ஆர்.சி. புத்தகத்தோடு அந்த நோட்டையும் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.