பழங்கடனும் காலமும்

கொண்ட கடன் காலங் கழிதலால் தானுங் கழியுமோ என்பது ஆராயற்பாலது. பல்லாண்டுகட்கு முன் வாங்கிய கடனைக் கொடுத்தவர் பிறர்க்கு விற்றுவிட, வாங்கினவரின் ஏவலாளர் வாயிலில் நின்று அதட்டுவதும், கேட்கப்பட்டார் அஞ்சுவதும் இந்நாளிற் காண்கின்றோம். ஈண்டு அறம் யார் பக்கத்தது?

1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கைமாற்று, புரோநோட்டு முதலிய கடன்கட்குப் பொதுவாக 3 ஆண்டுக் கெடு வைக்கின்றது. கெடு கடந்தால் வழக்கு நில்லாது. எனினும், கடன் அழிந்ததென்று அச்சட்டம் கூறிற்றில்லை; வழக்கிட்டுப் பெறும் வழியையே அடைத்தது. ஆண்டு பல சென்றால் சாட்சியர் இறப்பர், பத்திரம் செல்லரிக்கும், கொடுத்துத் தீர்த்த சீட்டுங் காணாமற்போம். ஆதலின் அவ்வரையறை வேண்டப்பட்டது.

அற்றேல், மன்றங் கேளாத கடனைக் கொடாதொழிதலாற் குற்றமென்னை எனின், கூறுதும். மன்றத்திற்குக் கெடு வேண்டுவது அதனறிவு சிற்றறிவாதலின். முற்றறிவுடைய முதல்வனுக்குச் சான்று மறைதலும் ஏடு சிதைதலும் இல்லை. சடமாகிய வினை தானே செய்தானைச் சென்று பற்றமாட்டாது. இறைவனே அறிந்து கூட்டுவன். சஞ்சிதமாய்க் கிடந்த வினை எத்துணைப் பிறவி கழியினும் பயன்கொடாது கெடாமை இதனானே அமையும். ஆகவே கடனுண்மையைத் தன்னெஞ்சறிந்தான் ஒருவன், கெடு கடந்ததென்று மகிழ்தல் பேதைமையாம்.

இனி, கேட்பார்க்கு முறை யாதெனின், திருவெண்ணெய்நல்லூர் வழக்கே சான்றாம். பாட்டனார் எழுதிய பழைய ஆளோலையொடு வந்தவர் உலகுடைய பெருமான். நம்பியாரூரர் படியோலையைக் கிழித்தும் அவர் வலிசெய்தாரல்லர். அவையத்தார்முன் மூலவோலையைக் காட்டினார். அவையத்தாரும் பாட்டனாரது கைச்சாத்தைப் பிறிதோர் ஏட்டோடு ஒப்புநோக்கியே துணிந்தனர். ஐயமின்றி உடைமை பெற்ற இறைவனே ஆவணங் காட்டி முறையிட்டானெனின், விலைக்கு வாங்கிய கடனுடையார் ஆவணங் காட்டாது அச்சுறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? கடன் கேட்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தலாகாதென ரிசர்வ் வங்கி 2022 இல் ஆணையிட்டதும் இம்முறை பற்றியேயாம்.

பாட்டன் எழுத்துப் பேரனைப் பிணித்ததாதலின், முன்னோர் கடனெல்லாம் வழித்தோன்றலைப் பற்றுமோ எனின், அற்றன்று. ஒருவர் வினை பிறரைச் சாராதென்பது நம் சித்தாந்தம். ஆன்மா அநாதியே அடிமையாதலின், ஆண்டு ஓலை உள்ளதனை உணர்த்தியதேயன்றிப் புதிதாகப் பிணித்ததன்று. பொருட்கடனோ முன்னோர் விட்ட பொருளளவிற்றே. மகன் என்னுந் தொடர்பொன்றே பற்றித் தந்தை கடனுக்கு அவன்மேற் செல்லும் பழைய வழக்கும், 2005 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திற்குப் பிற்பட்ட கடன்கட்கு நீக்கப்பட்டது.

ஆதலின் பழங்கடன் கேட்கப்பட்டார் முதற்கண் மூலப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அச்சத்தால் எதிலுங் கைச்சாத்திடலாகாது; கெடு கடந்த கடனையும் கொடுப்பேனென்று எழுதிக் கைச்சாத்திடின், 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25 ஆம் பிரிவின்படி அது புதிய உடன்படிக்கையாய்ப் பிணிக்கும். கடன் பொய்யெனின் அஞ்சாது மறுக்க. மெய்யெனின், இயன்றது கொடுக்க. இயலாதாயின் இன்மையை மறையாது உரைக்க. பொருளின்மை குற்றமன்று, உளதாகவே கரத்தலே குற்றம். கெடு, கேட்பவன் கையைக் கட்டும். கொடுப்பவன் நெஞ்சைக் கட்டவிழ்க்காது.