ஐந்தாவதாக வருகிறவர்

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற பல்கலைக்கழக ஊர். தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் ஓட்டம் முடிந்துவிட்டது. மேடும் பள்ளமுமான புல்வெளியில் 10 கிலோமீட்டரை முதலில் கடந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹிக்ஸ். அவர் முதுகைத் தொடும் தூரத்தில் வந்தார் நார்தர்ன் அரிசோனாவின் நிக்கோ யங். யார் முதலில் வந்தார் என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். எந்த அணி வென்றது என்பதைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கூட்டிப் பார்த்தார்கள். நார்தர்ன் அரிசோனா 83. போட்டியைச் சொந்த மண்ணில் நடத்திய ஓக்லஹோமா ஸ்டேட்டும் 83.

பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள விதி இடம் தரவில்லை. இரு அணிகளின் முதல் ஆளோடு முதல் ஆள், இரண்டாம் ஆளோடு இரண்டாம் ஆள் என ஐந்து இணைகளை ஒப்பிட்டார்கள். மூன்று இணைகளில் நார்தர்ன் அரிசோனாவின் ஆட்கள் முந்தியிருந்தார்கள். இரண்டில் ஓக்லஹோமா ஸ்டேட். ஏழு ஆண்டுகளில் ஆறாவது பட்டம் நார்தர்ன் அரிசோனாவுக்குப் போனது.

இந்த ஓட்டத்தின் ரசிகர்கள் அந்த இரண்டு 83-களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு விதிப் புத்தகத்தோடு நிற்காது. அந்த முடிவு சரியா, தவறா என்று ஆரம்பித்து, வெற்றி என்பது எங்கே இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம் என்ற இடத்துக்கு வந்து சேரும். சமய நூல்களும் தத்துவ நூல்களும் பல நூற்றாண்டுகளாகச் சுற்றிவரும் கேள்வி அது.

கணக்கு எளியது. ஓர் அணிக்கு ஏழு பேர். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி வெல்லும். ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தால் 15. அதற்கு வெகு அருகில் வந்தது 1981-இல் 17 புள்ளிகளோடு வென்ற எல் பாசோ நகரின் டெக்சஸ் பல்கலைக்கழக அணி. ஆறாம், ஏழாம் ஆட்களின் இடங்கள் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணிக்காரர் ஒருவரை முந்தினால், அந்த எதிரணிக்காரரின் இடம் ஒன்று பின்னுக்குப் போகும். அவருடைய அணியின் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். தன் அணிக்கு ஒரு புள்ளியும் சேர்க்காமலே பட்டத்தை மாற்றிவிடக்கூடிய இடம் அது.

தேசியப் போட்டியில் 31 அணிகள் ஓடுகின்றன. அணியாகத் தகுதி பெறாத, அணிக் கணக்கில் இடம் எண்ணப்படாத தனி ஓட்டக்காரர்கள் 38 பேர். எல்லாரும் சேர்ந்து 255 பேர் ஒரே கோட்டிலிருந்து, ஒரே வெடிச்சத்தத்துக்குப் புறப்படுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் பழகிய ரசிகர் முதலில் வருபவரை அதிகம் பார்ப்பதில்லை. ஐந்தாம் ஆள் எங்கே என்றுதான் தேடுவார். காரணம் உண்டு. முன்னணியில் ஓடுபவர்களுக்கு இடையே விநாடிக்கணக்கில் வெற்றிடம் இருக்கும். அங்கே ஒரு விநாடி பிந்தினால் பெரும்பாலும் ஓர் இடம்கூடப் போகாது. நடுக்கூட்டத்தில் ஆட்கள் தோளோடு தோள் உரச வருவார்கள். அதே ஒரு விநாடி நான்கைந்து இடங்களைத் தின்றுவிடும். எனவே அணியின் முதல் ஆளுக்கும் ஐந்தாம் ஆளுக்கும் நடுவே எத்தனை விநாடி என்பதுதான் ரசிகர்களின் முதல் கேள்வி. இந்த ஓட்டத்தைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதாது. ஒரு வளைவில் சட்டை நிறங்களை எண்ணிவிட்டு, புல்வெளிக்குக் குறுக்கே ஓடி அடுத்த வளைவுக்குப் போய் மறுபடி எண்ண வேண்டும். பார்க்க வந்தவர்களுக்கும் மூச்சு வாங்கும்.

ஸ்டில்வாட்டர் சமனைப் பற்றிய வாதத்தில் மூன்று கட்சிகளுக்கு இடமுண்டு. பட்டத்தைப் பகிர்ந்து தந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது: 1942-இல் இண்டியானாவும் பென் ஸ்டேட்டும் சம புள்ளிகளோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளைப் போல ஆறாம் ஆளை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பது இரண்டாவது. ஐந்து இணைகளை ஒப்பிடும் இப்போதைய விதியே நியாயம் என்பது மூன்றாவது.

ஒவ்வொரு கட்சிக்குப் பின்னாலும் அணி என்றால் என்ன என்பதற்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. பகிரச் சொல்பவருக்கு அணி என்பது ஒரு கூட்டுத்தொகை. தொகை சமமென்றால் அணிகளும் சமம். ஆறாம் ஆளைக் கூப்பிடுபவருக்கு அணி என்பது அதன் ஆழம். எண்ணப்படாதவரின் உழைப்பிலும் அணி வாழ்கிறது. இணை இணையாக ஒப்பிடுபவருக்கு அணி என்று தனியாக ஒன்று கிடையாது. ஐந்து மனிதர்கள் ஐந்து மனிதர்களோடு ஓடினார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கடைசிப் பதிலை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உரையாடலில் கேட்கலாம். பாலி மொழியிலுள்ள மிலிந்த பன்ஹாவில் கிரேக்க வழி வந்த அரசன் மிலிந்தனும் பௌத்தத் துறவி நாகசேனரும் பேசுகிறார்கள். அரசன் தேரில் வந்திருக்கிறான். சக்கரம்தான் தேரா, அச்சுதான் தேரா, நுகத்தடிதான் தேரா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இல்லை என்கிறான் அரசன். இவற்றை விட்டுத் தனியாகத் தேர் என்று ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது நாம் வைக்கும் பெயர்தான் தேர் என்று பேச்சு முடிகிறது. மணிமேகலையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரண்டு சார்புகளும் இந்தச் சிந்தனையின் உறவே: எதுவும் தனித்து எழுவதில்லை, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எழுகிறது.

நாகசேனர் ஸ்டில்வாட்டரில் நின்றிருந்தால் 83-ஐக் காட்டி, இதில் எது வெற்றி என்று கேட்டிருப்பார். இரண்டாவதாக வந்த நிக்கோ யங்கா? அவருக்கு அடுத்து மூன்றாவதாக வந்த ட்ரூ பாஸ்லியா? ஐந்தாம் ஆளா? எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. எவரை எடுத்துவிட்டாலும் பட்டம் நிற்காது.

வெற்றியின் நேரத்தில் இந்தப் பதில் இனிக்கும். தோல்வியின் நேரத்தில் அது எளிதாக இறங்குவதில்லை.

2001-இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் நடந்த ஆண்கள் போட்டியில் கொலராடோ 90, ஸ்டான்ஃபோர்டு 91. 2023-இல் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் நடந்த பெண்கள் போட்டியில் வட கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. இரண்டிலும் ஒரே புள்ளி. ஒரு புள்ளியில் தோற்ற அணியின் ரசிகர் முடிவுப் பட்டியலை விரித்தவுடன் விரல் கீழே போகும். கடைசி நூறு மீட்டரில் யார் யாரை விட்டுவிட்டார்? பெயர் கிடைத்துவிட்டால், தோல்விக்கும் ஒரு முகம் கிடைத்துவிடும்.

கணக்கு அதை ஏற்பதில்லை. நான்காவதாக வந்திருக்க வேண்டிய முதல் ஆள் ஐந்தாவதாக வந்தாலும் ஒரு புள்ளிதான் நஷ்டம். ஐந்தாம் ஆள் நாற்பத்தேழுக்குப் பதில் நாற்பத்தெட்டாவதாக வந்தாலும் அதே ஒரு புள்ளிதான். ஒன்று கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டத்தின் கண்ணெதிரே போகிறது. மற்றொன்று மூன்றாம் கிலோமீட்டரில், எவரும் நிற்காத ஒரு மேட்டில் போகிறது. கண்ணுக்குப் பட்டதைக் காரணம் என்கிறோம். சார்லட்ஸ்வில்லில் வட கரோலினா ஸ்டேட்டின் கேட்லின் டூஹி, முந்தைய ஆண்டின் தனிநபர் சாம்பியன், ஐந்தாமிடத்தில் வந்தார். தனிப்பட்டத்தை இழந்த அந்த நாளில் அவர் இன்னும் இரண்டு இடம் பின்வாங்கியிருந்தால் அணியின் பட்டமும் போயிருக்கும். அதே அணியின் ஐந்தாம் ஆளைப் பற்றியும் இதையே சொல்லலாம். இடையில் இருந்த மூவரைப் பற்றியும் சொல்லலாம்.

இன்னும் சங்கடமான ஒன்றும் உண்டு. பட்டத்துக்கே போட்டியில்லாத, இருபத்தைந்தாம் இடத்துக்குப் போராடும் வேறோர் அணியின் ஓட்டக்காரர், 2001 கிரீன்வில் ஓட்டத்தில் கோட்டுக்கு முன் கொலராடோவின் ஒருவரை முந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மூச்சில் சாம்பியன் மாறிவிடலாம். அவருக்கு அது தெரியாது. அதை அவர் நினைக்கவும் இல்லை. நம் கையில் இல்லாதவற்றின் விளைவுக்காக நம்மைப் புகழ்வதும் பழிப்பதும் எப்படி நியாயமாகும் என்பதை பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இரு தத்துவ அறிஞர்கள் 1976-இல் எடுத்து விவாதித்தார்கள். ‘அறம் சார்ந்த அதிர்ஷ்டம்’ என்ற பெயர் அதிலிருந்து தத்துவத் துறையில் நிலைத்தது. தமிழில் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: ஊழ். அதன் வலிமைக்கு முப்பத்தெட்டாம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், அறுபத்திரண்டாம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் முயற்சியின் பக்கம் உறுதியாக நிற்கிறார். இரண்டில் ஒன்றைக்கூட அவர் விட்டுவிடவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஓட்டத்தைச் சுற்றியுள்ள பலருக்குப் பழக்கமான சமய நூல் பைபிள். அதில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தயம் வருகிறது. கொரிந்துக்கு அருகில்தான் இஸ்த்மிய விளையாட்டு விழா நடந்தது. உவமை அந்த ஊர்க்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும். ஓடுவது எல்லாரும், பரிசு பெறுவது ஒருவர் என்கிறார் பவுல். அதே கடிதத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவர் உடலைப் பற்றிப் பேசுகிறார்: உறுப்புகள் பல, உடல் ஒன்று, பலவீனமாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது. மூன்று அதிகார இடைவெளியில் உள்ள இந்த இரண்டு உவமைகளும் கிராஸ் கன்ட்ரியில் ஒரே புல்வெளியில் சந்திக்கின்றன. ஓடுவது தனித்தனி உடல்கள். பட்டம் பெறுவது ஓர் உடல். அந்த உடலின் தலையெழுத்து மிக மெதுவான உறுப்பின் கையில்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது கண்கூடாகத் தெரிந்தது. ஜூலை மாதக் கொடும் வெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி நடக்கவே இல்லை. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலிடம், வில்லே ரிடோலா இரண்டாமிடம். வரலாறு இந்த இருவரையும் கொண்டாடுகிறது. அணிக்கு மூன்று பேர் முடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பின்லாந்தின் அணித் தங்கம், முடித்த பதினைந்து பேரில் பன்னிரண்டாவதாக வந்த ஹெய்க்கி லீமத்தைனனுக்காகக் காத்திருந்தது. அவர் வழியில் உட்கார்ந்திருந்தால், நூர்மியின் முதலிடத்தால் அந்த அணித் தங்கத்தை மீட்டிருக்க முடியாது.

நாகசேனரின் பதில் இங்கேதான் பாதியில் நிற்கிறது. அவர் காட்டிய தேரின் அச்சுக்கு வலி கிடையாது. பன்னிரண்டாவதாக வந்தவருக்கு வலித்தது. வெற்றி எவரிடமும் தனித்து இல்லை என்பதால், அது எவருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. ஒரு ரொட்டியை ஐந்தாகப் பிய்த்தால் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரு புள்ளியை அப்படிப் பிய்க்க முடியாது. அந்த ஒரு புள்ளியை ஐந்து பேரும் முழுதாகவே சுமக்கிறார்கள். வென்றால் முழு வெற்றி, தோற்றால் முழுத் தோல்வி. ஒருவர் சுமப்பதால் மற்றவரின் சுமை குறைவதில்லை. முடிவுப் பட்டியலில் ஒரே பெயரைத் தேடும் விரல் தவறுவது இந்த இடத்தில்தான்: அது ஒருவரைப் பழிப்பதோடு மற்ற நால்வரிடமிருந்து அவர்களுடைய பங்கைப் பறித்துக்கொள்கிறது.

பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்கிறது கீதை. எட்டாம் கிலோமீட்டரில் நூற்று நாற்பதாவது இடத்தில் ஓடும் இருபது வயதுப் பையனுக்கு அது பொருந்துமா? அவனுக்குப் பலன் மேல் பற்று இல்லாமல் இல்லை, உயிரை வைத்திருக்கிறான். ஆனால் பலன் அவன் பார்வையில் இல்லை. முன்னால் யார் எங்கே இருக்கிறார்கள், கணக்கு எப்படி நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வேலியோரத்தில் ஒரு குரல் ஏதோ எண்ணைக் கத்தும். அது பழைய எண்ணாக இருக்கலாம். அவனுக்கு முன்னால் ஒரு முதுகு இருக்கிறது. அதை முந்துவது பட்டத்தைத் தரலாம், எதையும் தராமலும் போகலாம். தெரியாததால்தான் ஒவ்வொரு முதுகும் கடைசி முதுகைப் போலவே முக்கியமாகிறது. பற்றைத் துறக்க முடியாத வயதில் இருப்பவனைக்கூட, பலனை அறியாமலே முழுதாகச் செயல்பட வைக்கிறது இந்த ஓட்டத்தின் அமைப்பு.

அவன் அறியாததை அவனுக்காக அறிய முயல்பவர்கள்தான் வேலியோரத்து ரசிகர்கள். கேமரா முன்னணியைத் தொடர்ந்து போய்விட்ட பிறகும் அவர்கள் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒருவரின் இடத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்வது, அவர் செய்தது நடந்தது என்பதற்குச் சாட்சி சொல்வது.

2023 நவம்பர் 18-இல் சார்லட்ஸ்வில்லில் இரண்டு ஓட்டங்களும் ஒரே நாளில் நடந்தன. பெண்கள் 6 கிலோமீட்டரில் புளோரிடாவின் பார்க்கர் வால்பி முதலில் வந்தார். நார்தர்ன் அரிசோனா ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. ஆண்களில், ஓராண்டுக்கு முன் 83-ஐ வைத்துக்கொண்டு இரண்டாமிடத்தில் நின்ற ஓக்லஹோமா ஸ்டேட் 49 புள்ளிகளோடு வென்றது. நார்தர்ன் அரிசோனா 71. முந்தைய ஆண்டு ஒப்பீட்டில் வென்ற சட்டைகள் அன்று இரண்டு ஓட்டங்களிலும் இரண்டாமிடத்தில் நின்றன. முடிவுப் பட்டியல்கள் வெளிவந்தபோது, பெண்கள் பட்டியலின் நடுப்பகுதியில்தான் விரல்கள் அதிக நேரம் நின்றன: ஒவ்வொரு பெயரையும் அதற்கு மேலுள்ள பெயரையும், நடுவிலுள்ள விநாடியின் பின்னத்தையும் தொட்டபடி.