பெட்டிக்குள் வராத ஆள்

பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்குக் கணக்கு மென்பொருள் எழுதப் போயிருந்தேன். கிளாஸ் டயகிராம் போட ஒரு வழி உண்டு, 1983-ல் ரஸ்ஸல் அபாட் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது: வாடிக்கையாளர் சொல்வதை எழுதிக்கொண்டு பெயர்ச்சொற்களை அடிக்கோடிடு, ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, ஒரு கிளாஸ். வினைச்சொற்கள் அவற்றின் செயல்கள்.

முதலாளி பேச்சில் தோல், குழி, சுண்ணாம்பு, லாரி, ஏஜெண்ட் எல்லாம் கிடைத்தன. குழியில் இறங்கும் ஆள் கிடைக்கவில்லை. ‘கூலி’ மட்டும் வந்து, செலவு என்ற பெட்டிக்குள் ஓர் எண்ணாக உட்கார்ந்துகொண்டது. முறைப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் உறுத்தியது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே மக்களை உயர்திணை என்று தனியே வைத்துவிடுகிறார். கிளாஸ் டயகிராமில் திணை கிடையாது. ஆளும் பெட்டி, தோலும் பெட்டி. சரி, அந்தப் பெட்டியாவது வேண்டாமா? திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி, 2012-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘தோல்’ நாவலில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

நண்பர் சொன்னார்: “கேட்டதைக் குடுப்பா. ஆளைச் சேர்த்தா நாளைக்கு லேட்டா வந்த நிமிஷத்தையும் எண்ணுவாங்க.” நியாயம்தான். ஆனால் எத்தனை வருஷம் உழைத்தார் என்பதற்குப் பதிவே இல்லையென்றால், பணிக்கொடை கேட்டு எதைக் காட்டுவார்?

மறுநாள் குழியடியில் நின்றவரிடம் கேட்டேன்: “அண்ணே, இங்க என்னென்ன இருக்கு, சொல்லுங்க.”

“அட்வான்ஸ்” என்றார் முதலில். அப்புறம்தான் தோல்.

‘தொழிலாளி’ என்று பெட்டி போட்டேன். சேர்ந்த தேதிக்கு இடம் வைத்தேன், வந்த நேரத்துக்கு வைக்கவில்லை. ஷாப்போடு இணைக்கும் கோட்டின் முனையில் கறுப்பு வைரக் குறி போடவில்லை. போட்டால் ஷாப்பை அழிக்கும்போது அவரும் சேர்ந்து அழிந்துபோவார். வெறும் கோடுதான்.