விடுபட்ட எண்

பெங்களூருவின் பீன்யாத் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் ஒரு சிறு பட்டறையில், டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால் அதில் பிடித்த உருளை ஒரே முறை சுழலும் என்பதையும், 24 பற்கள் வேண்டுமாயின் பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் 15 துளை வட்டத்தில் 10 துளைகளும் நகர்த்த வேண்டும் என்பதையும், அங்கே உழைக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் காகிதத்தின் துணையின்றிச் சொல்லக் கேட்டு நின்றேன். கணக்கு பிசகினால் கடைசிப் பல் மெலிந்துவிடும் என்றும் அவர் சொன்னார். எண்ணுகிறவன் தவறினாலும் தவறாத ஏதோ ஒன்று அந்த இரும்பில் இருக்கிறதே, அது யாருடைய அறிவில் இருக்கிறது என்ற வினா அன்று முதல் என்னை விடவில்லை.

நம் தத்துவ மரபினரான வைசேஷிகர் இதற்கு நுட்பமான விடை சொன்னார்கள். ஒன்று என்பது பொருளிலேயே உள்ள குணம். இரண்டு முதலாயின, பலவற்றைச் சேர்த்து நோக்கும் அபேக்ஷா புத்தியால் பிறந்து, அந்தப் புத்தி நீங்கியதும் மறைவன. அப்படியாயின் எவரும் எண்ணாத எண்ணின் கதி என்ன?

அப்படி ஓர் எண்ணைக் கணித மேதை ராமானுஜனிடமே கண்டேன். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை, தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளை உடைய எண்களைப் பற்றியது. அத்தகைய எண்ணில் பகா எண்கள் 2-லிருந்து இடையில் ஒன்றும் விடுபடாமல் வரும் என்றும், அவற்றின் அடுக்குகள் போகப்போக ஏறுவதில்லை என்றும், 4, 36 என்னும் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கடைசி அடுக்கு ஒன்றே என்றும் நிறுவியதோடு, கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டும் தந்தார். அந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டது: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இருமுறையும், 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறையும் பெருகி வருவது அது. அதன் காரணிகள் 5040.

அதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். வந்தது அவருடைய பட்டியலின் கடைசி எண்! காரணிகளும் இரட்டித்து 10,080 ஆகின்றன. அவர் எழுதாமல் விட்ட எண், அவரே எழுதிய எண்ணுக்குள் காரணியாக இருந்துகொண்டிருந்தது. மானுட புத்தி தீண்டாத இடத்திலும் அது குன்றாமல் இருந்தது என்பதை இனி எப்படி மறுப்பது?

நியாய தத்துவ அறிஞர் உதயனர் தம் நியாய குசுமாஞ்சலியில் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். படைப்பின் தொடக்கத்தில் எண்ணிப் பார்க்க ஜீவர் எவரும் இலர். ஆயினும் பரமாணுக்களின் இரண்டு என்னும் எண்ணாலேயே, அவை கூடிய இரட்டையாகிய துவ்யணுகம் பரிமாணம் (அளவு) பெறுகிறது. அந்த இரண்டை எண்ணிய புத்தி ஈசுவரனுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எண்ணுக்கு எவருடைய புத்தியும் வேண்டாம், அது தானே நிற்கும் என்பாரும் உண்டு. அவர்களை மறுக்க என்னிடம் பிரமாணம் இல்லை. ஆனால் தம் கணிதம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பிய ராமானுஜனின் பட்டியலில் அந்த ஓரிடம் வெறுமையாக நிற்பதைக் காணும்போதெல்லாம், மகன் மறந்ததைத் தாய் மறக்கவில்லை என்றே என் மனம் உதயனர் பக்கம் சாய்கிறது.