இடுப்பில் துப்பாக்கி, கையில் கோப்பை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சில மதுவிடுதிகளின் வாசலில் ‘51%’ என்று சிவப்பில் பெரிதாக எழுதிய பலகை மாட்டியிருக்கும். புதிதாகப் போகிறவர் தள்ளுபடி விற்பனை என்று நினைத்துக்கொள்ளலாம். விஷயம் வேறு. அந்தக் கடையின் வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது. ஆகவே கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது, உரிமம் இருந்தாலும் குற்றம் என்று அந்தப் பலகை எச்சரிக்கிறது. பக்கத்திலேயே ஓர் உணவகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கும் பீர் கிடைக்கும், ஆனால் பெரும்பாலான வருமானம் சாப்பாட்டிலிருந்து. கடைக்காரர் தடை போடாவிட்டால், அங்கே சட்டைக்கு அடியில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உட்காரலாம். போதை ஏறாத வரை பீரும் குடிக்கலாம். முதல் கடையில் வெறும் தண்ணீர் குடித்தவர் குற்றவாளி, இரண்டாவது கடையில் பீர் குடித்தவர் குற்றவாளி இல்லை. அளக்க வேண்டியது துப்பாக்கிக்காரரின் இரத்தத்தை. சட்டம் அளப்பது கடையின் கணக்குப் புத்தகத்தை.

மற்ற மாநிலங்கள் வேறு வேறு இடத்தில் கோடு போட்டிருக்கின்றன. வட கரோலினாவில் மறைத்து ஏந்த உரிமம் பெற்றவர், உடம்பில் மது சிறிதளவு மிச்சமிருந்தாலும், சொந்த இடத்துக்கு வெளியே துப்பாக்கியோடு இருக்கக் கூடாது. மிச்சிகனில் இரத்தத்தில் 0.02 விழுக்காடு மது சேர்ந்தாலே தண்டம். வண்டி ஓட்டுவதற்கோ யூட்டா தவிர எல்லா மாநிலங்களிலும் வரம்பு 0.08, யூட்டாவில் மட்டும் 0.05. வர்ஜீனியா, ஓஹாயோ, டென்னசி ஆகியவை துப்பாக்கிக்காரரை மது விற்கும் இடத்துக்குள் விடுகின்றன, கோப்பையைத் தொடாதே என்ற நிபந்தனையோடு. டென்னசியில் 2009இல் ஆளுநர் இதற்கான சட்ட வரைவை மறுத்துத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. வர்ஜீனியாவில் 2010 வரை நிலைமை இன்னும் விசித்திரம்: மதுவும் விற்கும் உணவகத்தில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்திருக்கலாம், மறைத்து வைக்கத்தான் தடை.

இத்தனை கோடுகள் இருப்பதாலேயே, எது சரி என்ற கேள்வி துப்பாக்கி வைத்திருப்பவரின் கையில் வந்து நிற்கிறது. அவர் தரப்பு நியாயத்தை முதலில் முழுதாகக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அது எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஏந்துவது அரசமைப்பு தந்த உரிமை என்று 2022இல் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓர் உரிமை அரைக் கோப்பை மதுவில் கரைந்துபோகுமா? மனைவியோடு இரவு உணவுக்குப் போனவர் சாப்பாட்டோடு கொஞ்சம் ஒயின் குடிக்கிறார். திரும்பும்போது இருண்ட வண்டி நிறுத்தத்தைக் கடந்தாக வேண்டும். கத்தியோடு வழிமறிப்பவன், நீ குடித்திருக்கிறாயா என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. ஒரு கோப்பை குடித்தவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்வதும் இல்லை. அமெரிக்கக் கணக்கில் ஒரு கோப்பை என்பது 14 கிராம் தூய ஆல்கஹால், அதாவது 355 மில்லி பீர். ஆரோக்கியமான கல்லீரல் கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் அதைக் கரைத்துவிடும். இத்தனை சிறிய அளவுக்காக ஒருவரை நிராயுதபாணி ஆக்குவது அநீதி என்கிறது இந்த வாதம்.

கணக்கு சரி. கணக்குப் போடுபவர் யார் என்பதில்தான் சிக்கல். முதல் கோப்பைக்கு முன்னால் ‘ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்’ என்று சொன்னவரும், இரண்டாவதற்குப் பிறகு ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்பவரும் ஒரே ஆள்தான், ஆனால் ஒரே நிலையில் இல்லை. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரை இதற்கு ‘மதுக் கிட்டப்பார்வை’ என்று பொருள்படும் பெயர் கொடுத்தது. போதையில் கண்ணெதிரே இருப்பது மட்டுமே பெரிதாகத் தெரியும். சற்றுத் தள்ளி இருக்கும் விளைவுகள் மங்கிவிடும். எதிரில் நின்று ஏசுகிறவன் தெரிவான், அவனுக்குப் பின்னால் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பணியாள் தெரியமாட்டார். நான் குடித்திருக்கிறேனா என்று நிறுத்துப் பார்க்கும் தராசையே மது முதலில் கோணலாக்கிவிடுகிறது. அந்தத் தராசு காட்டும் எடையை அதன் சொந்தக்காரரே நம்பக் கூடாது.

துப்பாக்கி ஏந்துவதற்குத் தேவையான திறமை குறி பார்ப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உரிமத்துக்கான பயிற்சி வகுப்புகள் அழுத்திச் சொல்வது வேறு: சண்டையிலிருந்து விலகிப் போ, வசவை வாங்கிக்கொண்டு நட, எடுக்காமலே இருக்கப் பார். மது முதலில் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். கை நடுங்கத் தொடங்குமுன்பே பொறுமை போய்விடுகிறது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். உண்மைதான், பேச்சோடு முடிந்தால்.

இதைக் கிரேக்கர்கள் யோசித்துவிட்டார்கள். மிட்டிலீனி நகரத்துக்குச் சட்டம் செய்த பிட்டகஸ், போதையில் செய்த குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை விதித்தார். குடித்திருந்தான், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்ற இரக்கத்தை அவர் ஏற்கவில்லை. அரிஸ்டாட்டில் இதே வகைத் தண்டனைக்குக் காரணமும் சொன்னார்: குடிக்காமலிருப்பது அவன் வசத்தில்தான் இருந்தது, அறியாமையின் ஊற்று அவனுக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் இந்த நியாயம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். நள்ளிரவில் சுட்டவரிடம் ‘ஏன் சுட்டாய்’ என்று கேட்பதைவிட, மாலை ஆறு மணிக்குத் துப்பாக்கி உறையை இடுப்பில் செருகும்போது ‘இன்று எங்கே போகிறாய்’ என்று கேட்பதற்குப் பொருள் அதிகம். அறத் தேர்வு நடக்கும் நேரம் அதுதான். அப்போது அவர் நிதானத்தில் இருக்கிறார், இரண்டில் எதையும் வீட்டில் விட்டுவிட்டு வர முடியும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதோடு இதை ஒப்பிடுவது அமெரிக்காவில் வழக்கம். ஓரளவுக்குத்தான் சரி. சாலையில் போகிறவருக்கு அங்கே வண்டிகள் வரும் என்று தெரியும். வளைந்து நெளிந்து வரும் வண்டியைக் கண்டு ஒதுங்கலாம். மறைத்து வைத்த துப்பாக்கியோ, பெயரிலேயே இருப்பதுபோல, மறைந்திருக்கிறது. அடுத்த மேசைக் குடும்பத்துக்கும், மது ஊற்றித் தருபவருக்கும் அது தெரியாது. கண்ணுக்குத் தெரியும்படி போதையேறியவருக்கு மேலும் ஊற்றக் கூடாது என்று பல மாநிலச் சட்டங்கள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் இரண்டாவது கோப்பையை நீட்டும் அவருக்கு, அது யாருக்குப் போகிறது என்று தெரிய வழியே இல்லை. சுற்றியிருப்பவர்கள் இந்த அபாயத்துக்குச் சம்மதிக்கவுமில்லை, விலகிப் போகும் வாய்ப்பும் அவர்களுக்குத் தரப்படவில்லை. ஊரார் செய்திருக்கக்கூடிய எச்சரிக்கை எல்லாவற்றையும் மறைத்தவரே தம் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அரைக் கோப்பை வாதம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அரசாங்கம் தன் ஆட்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். பயணிகள் விமானத்தில் துப்பாக்கியோடு ஏற அனுமதி பெற்ற காவல் அதிகாரி, ஏறுவதற்கு முன் எட்டு மணி நேரத்துக்குள் குடித்திருக்கக் கூடாது. விமானத்திலும் அவருக்கு மது தரக் கூடாது. அவர் ஆயுதம் வைத்திருக்கிறார் என்பது விமானப் பணியாளர்களுக்கு முன்பே தெரிவிக்கப்படுகிறது. பணியில் இல்லாத காவலர்களும் ஓய்வுபெற்றவர்களும் நாடு முழுக்கத் துப்பாக்கி ஏந்த 2004இல் வந்த சட்டமும், மதுவின் பிடியில் இருப்பவருக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவரிடமே இவ்வளவு கேட்கும்போது, வார இறுதி வகுப்பு ஒன்றோடு நின்றுவிட்டவரிடம் குறைவாகக் கேட்பது எப்படி நியாயமாகும்?

துப்பாக்கி உரிமை பேசுபவர்களில் சிலர் இவையெல்லாம் நேற்று முளைத்த கெடுபிடி என்பார்கள். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. வர்ஜீனியா குடியேற்றத்தில் 1650களிலேயே, திருமணமும் சாவும் தவிர, குடிக்கூட்டங்களில் துப்பாக்கி வெடிக்கத் தடை இருந்தது. வேட்டுச் சத்தம் அங்கே ஊருக்கான அபாய அறிவிப்பு என்பது ஒரு காரணம். விஸ்கான்சின் 1883இல் போதையில் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதையே குற்றமாக்கியது. திரைப்படங்கள் கொண்டாடும் டூம்ஸ்டோன் ஊரில்கூட, நகருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற உத்தரவு இருந்தது. 1881 அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு முந்தைய இரவெல்லாம் சண்டையில் ஒரு தரப்பைச் சேர்ந்த ஐக் கிளான்டன் குடித்துக்கொண்டும் மிரட்டிக்கொண்டும் திரிந்தார்; காலையில் ஆயுதத்தோடு பிடிபட்டு அபராதமும் கட்டினார். சண்டை தொடங்கியபோது அவரிடம் துப்பாக்கி இல்லை, ஓடித் தப்பிவிட்டார். செத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் அவருடைய தம்பி.

இதுவரை சொன்னதில் மதுவிடுதிச் சண்டையே மனக்கண்ணில் நிற்கும். ஆனால் கூடுதலான சாவுகள் நடப்பது அங்கே அல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை. மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். தற்கொலை எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களில் எழுந்து அடங்கிவிடக்கூடியது. அந்தச் சில நிமிடங்களைக் கடக்க விடாமல் செய்வது இரண்டு: கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி, உள்ளே மது. வேலை போன அன்று, மணமுறிவுக் கடிதம் வந்த அன்று, விடுதியில் ஒருவரோடும் சண்டை போடாமல் அமைதியாகக் குடித்துவிட்டு, இடுப்பில் இருந்ததை அவிழ்க்காமலே வீட்டுக்குள் போகிறவரை எந்த 51% பலகையும் தடுக்காது. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பதோடு நின்றுவிடும் அறக் கணக்கு இவரைப் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்குள் சட்டம் வரலாமா என்பது கடினமான கேள்வி. ஓஹாயோவில் ஒரு மனைவி, கணவர் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு இருக்கிறார் என்று காவல்துறையை அழைத்தார். அதிகாரிகள் வந்தபோது துப்பாக்கியில் தோட்டா இல்லை. குழல் தரையை நோக்கியிருந்தது. இருந்தது அவருடைய சொந்த வீட்டில். ஆனாலும் அவர்மீதான தண்டனை செல்லும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சொந்த வீட்டில், காலித் துப்பாக்கிக்கா என்று கேட்பவரின் சங்கடம் புரிகிறது. ஆனால் தொலைபேசியை எடுத்த மனைவிக்கு அது காலி என்று அந்த நேரத்தில் எப்படித் தெரியும்?

மத்தியச் சட்டத்தின் நிலை இதைவிட வேடிக்கை. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழிவந்த விதியில், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. முன்னாள் அதிபரின் மகன் ஹன்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டதில் அந்த விதிக்கும் பங்குண்டு. அவ்வாண்டு டிசம்பரில் தந்தை மன்னித்தார். ஆனால் அந்த விதியில் மது இல்லை. தினமும் ஒரு பாட்டிலைக் காலி செய்பவர் கடையில் படிவத்தை உண்மையாகவே நிரப்பித் துப்பாக்கி வாங்கிவிடலாம். கோப்பையோடு அமெரிக்கா 1920களில் மதுவிலக்கு என்ற பெயரில் நடத்தித் தோற்ற போர் இன்னும் அதன் சட்டங்களைக் கூச்சப்பட வைக்கிறதோ என்னவோ.

கடைசியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. குடிக்க முடிவு செய்தவர் துப்பாக்கியை எங்கே வைப்பது? வண்டியில் விட்டுவிட்டுப் போகலாம் என்பது வழக்கமான பதில். வண்டிக் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது அமெரிக்க நகரங்களில் அன்றாடச் செய்தி. அப்படித் திருடு போனது யார் கையில் போய்ச் சேரும் என்பதும் தெரிந்ததே. பூட்டிய பெட்டியில், வண்டியின் பின்புற அறையில் வைத்தால் பரவாயில்லை. வீட்டிலேயே பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. வன்முறைக் கணவனிடமிருந்து பிரிந்து, அவன் மிரட்டலுக்காகவே துப்பாக்கி ஏந்தும் பெண்ணின் நிலைதான் கடினம். நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளான அத்தகைய ஆணிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கலாம் என்று 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் ஆணை எல்லாக் கதவையும் காக்காது. தோழியின் பிறந்தநாளில் அவள் ஒரு கோப்பை ஒயினும் தொடக் கூடாதா? தொடாமலிருப்பதே அவளுக்கு நல்லது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுடைய ஆபத்து நிஜம் என்பதாலேயே, முழு நிதானமும் தேவைப்படுவது மற்றெவரையும்விட அவளுக்குத்தான். இது அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி; இழைத்தவன் அவன்.

இப்போது 29 மாநிலங்களில் மறைத்து ஏந்த உரிமமே தேவையில்லை. மிச்சிகனில் உரிமம் வாங்குபவர், தேவைப்பட்டால் இரத்த, மூச்சுச் சோதனைக்கு உடன்படுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். மீறினால் உரிமம் போகலாம். உரிமமே இல்லாத இடத்தில் பறிக்க எதுவும் இல்லை, வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அந்த மாநிலங்களில் இந்தக் கண்காணிப்புப் பொறுப்பு பெருமளவு வீட்டு விருந்துகளுக்கும் நண்பர் வட்டங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குழந்தையை விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். முதலில் மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும் பலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டிலைத் திறக்கும் விருந்தளிப்பவரும் கேட்கலாம். கேட்கும் தர்மசங்கடத்தை அவருக்கு வைக்காமல், துப்பாக்கியோடு வந்தவரே கோப்பையை மறுத்துவிடுவது இன்னும் எளிது. அதற்குக் காரணம் சொல்லி, இடுப்பில் இருப்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. வண்டி ஓட்டப்போவதும் அவரே என்றால், ‘இன்று நான்தான் வண்டி ஓட்டுகிறேன்’ என்று சொன்னால் போதும்; யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.